ஒளியும் தர்மமும்



பணிவிடை நேரத்தில் ஒருவருக்கு உடல் சிலிர்க்கிறது, கண்ணீர் பெருகுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் நேரவில்லை. "நமக்கு அருள் இல்லையோ?" என்று அவர் வாடுகிறார்.

இவ்வனுபவம் நம் வழியினருக்கு மட்டும் வருவதன்று. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல், தமஸ்கு செல்லும் வழியில் பேரொளி கண்டு மனம் மாறினார், அவரே பவுல். எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லரோ கடவுளை நம்பாதவர். 1937-ல் ஸ்பெயினின் செவில் நகரச் சிறையில் சாவை எதிர்நோக்கியிருந்தார். சுவரில் ஒரு கணக்கைக் கீறிக்கொண்டிருந்தபோது பயம் அகன்று, 'நான்' என்பதே கரைந்த பேரமைதி கண்டார்.

நம்பாதவருக்கும் இது எப்படி வாய்த்தது? பள்ளியறைக் கண்ணாடி, எதிரே நிற்பவரின் சாதி மதம் கேட்பதில்லை. உள்ளிருக்கும் ஒளி எல்லாருக்கும் ஒன்றே.

அப்படியானால் அனுபவத்தை எதைக்கொண்டு அளப்பது? அதன்பின் விளையும் தர்மத்தைக்கொண்டே. 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் வெளிப்பட்ட அய்யா, முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாய் நீர் அருந்தச் செய்து இதைக் காட்டினார். விடுதலையான கோஸ்லரும் 1955-ல் பிரிட்டனில் தூக்குத் தண்டனையை ஒழிக்கப் பாடுபட்டார்.

சிலிர்ப்பு வராதவர் கலங்க வேண்டாம். பசித்தவருக்கு இலை போடும் கையில் அருள் இருக்கிறது. சிலிர்த்தவரும் பந்தியில் பரிமாற வரட்டும்.

அய்யா உண்டு.