பார்க்க வந்தவர்கள்

காலிக் கோட்டையின் மதிலிலிருந்து ஓர் இளைஞன் கடலுக்குள் பாய்வதைப் பார்ப்பதற்காக எனது மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்தார்கள். அதை எண்ணி அவன் கையில் கொடுத்தவன் நான். அந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் என் மனதில் தீரவில்லை.

தரம் 11 மாணவர்களின் கல்விச் சுற்றுலா அது. கண்டிக்கு அப்பால் மாத்தளை வீதியில் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து இரவு இரண்டு மணிக்கே பஸ் புறப்பட்டு விட்டது. காலியும் கண்டியும் ஒரே ஆண்டில், 1988 இல், யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. ஆக, ஊரார் பார்க்க வரும் ஓர் இடத்திலிருந்து நாங்கள் மற்றோர் இடத்தைப் பார்க்கப் போனோம். இது அன்று எனக்குத் தோன்றவில்லை.

1588 இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய கோட்டை. பதினான்கு கொத்தளங்கள். 2004 டிசம்பர் 26 இல் வெளியே பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் கடல் சூறையாடியபோது உள்ளே இருந்தவர்களைப் பெரிதும் காத்தது இந்த மதில்தான். இவற்றையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். கண் மட்டும் குடைக்குள் ஒளிந்திருந்த காதல் ஜோடிகள் மீது. வெளிச்சவீட்டருகே வெள்ளை வெளேரென்று நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைச் சிலர் தேவாலயம் என்றே நினைத்து விட்டார்கள். அதன் முகப்பு அப்படி.

'ஃப்ளாக் ரொக்' என்னும் முனையில்தான் அந்த இளைஞர்கள் நிற்பார்கள். கீழே பாறைகள், இடையில் ஆழமான ஓர் இடம். அதைத் தவறாமல் பிடித்துப் பாய வேண்டும். உல்லாசப் பயணிகள் காசு கொடுப்பார்கள், கெமராவைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஆள் ஓடி வந்து பாய்ந்தான். கைதட்டல் அடங்குமுன் பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி கேட்டாள்: "சேர், கல்லுல அடிபட்டிருந்தா நாங்க என்ன செஞ்சிருப்பம்?"

நான் சமாளித்தேன். அவனுக்குப் பழக்கம், விரும்பித்தான் செய்கிறான் என்றேன். பொய்யுமில்லை. நாம் கொடுக்காமல் ஒதுங்கிப் போனால் நம் மனச்சாட்சி சுத்தமாகும். அவன் வீட்டில் அன்றைய சோற்றுக்கு அது உதவாது. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லையே. அவள் கேட்டது எங்களைப் பற்றி.

அப்போதுதான் வாப்பாவின் நினைவு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் போகும் வேன்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வீதியோரக் கிணற்றில் வாப்பா வுளூச் செய்துகொண்டிருந்தார். வேன் ஒன்று நின்றது. ஒரு வெள்ளைக்காரர் இறங்கி நாலைந்து படம் எடுத்தார், ஐம்பது ரூபாய்த் தாளொன்றைக் கையில் வைத்தார், போய்விட்டார். வாப்பா கோபப்படவில்லை. ஈரக் கையில் அந்தத் தாளைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னத்துக்கு மகன் இந்தச் சல்லி?"

அந்த மனிதர் கெட்டவரல்லர். கொடுக்கவும் செய்தார். ஆனால் வாப்பா அவரிடம் ஒரு கேள்வி கேட்கும் அளவுக்குக்கூட அவர் நிற்கவில்லை.

பாதையோரங்களில் உட்காரும் தோழர்களிடம் நபிகளார் (ஸல்) பாதைக்குரிய உரிமையைக் கொடுக்கும்படி சொன்னதை நாம் அறிவோம். பார்வையைத் தாழ்த்துவதும், தொல்லை தராதிருப்பதும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதும் அதில் அடங்கும். சிறு வயதில் ஓதிய இதை ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் உரியதாகவே எண்ணியிருந்தேன். வந்து பார்த்துப் போகிறவனுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். அதிலும் ஸலாத்துக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்ப்பதில் குற்றமில்லை. பார்க்கப்படுகிறவன் திரும்பப் பார்த்து நம்மை ஒரு வார்த்தை கேட்பதற்கு இடமில்லாமல் பார்ப்பதுதான் உறுத்துகிறது.

காசு இதை ஈடுசெய்யுமா? 1409 ஆம் ஆண்டைத் தாங்கிய கல்வெட்டொன்று 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. கடலோடி செங் ஹோ வைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. கொழும்பு நூதனசாலையில் பார்க்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்கு அதைப் பார்க்கையில் ஒரு பெருமிதம் வருவது இயல்பு. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் அதே செங் ஹோ இங்கிருந்த ஆட்சியாளனைச் சிறைப்பிடித்துக் கொண்டு போனார் என்பதும் வரலாறுதான்.

அஸருக்குப் பின் பள்ளிவாசலருகே ஒரு வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவருடைய பழைய கதவைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். அவர் ஸலாம் சொன்னார். பதில் சொன்னோம். எந்த ஊர் என்று கேட்டார்.

"கண்டியா? நாங்களும் வந்திருக்கிறம், பெரஹரா பாக்க. ஒரு ஊட்டுப் படியில ராப்பத்து மணி மட்டும் இருந்தம். அது யார்ட ஊடெண்டு இண்டைக்கும் தெரியா" என்று சிரித்தார். அந்தத் தெருவில் தெரிந்த குடும்பங்கள் பல வீட்டை விற்றுப் போய்விட்டதையும், விற்ற வீடுகள் ஹோட்டல்களானதையும் சொன்னார். விற்றவர்களை அவர் குறை சொல்லவில்லை. "நல்ல விலை" என்றார்.

பஸ்ஸுக்குத் திரும்புகையில் அந்த மாணவி மீண்டும் மதில்பக்கம் போய், தலை துவட்டிக்கொண்டிருந்த இளைஞனிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவன் முழங்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினான். பிறகு அவன் கேட்டானாம், கண்டி வாவிக்குள் யாராவது பாய்வார்களா என்று. பஸ் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடுகண்ணாவை ஏறும்போது வாப்பாவின் கதையை அவர்களுக்குச் சொன்னேன்.

"அந்தச் சல்லி என்னாச்சு சேர்?"

"வாப்பாட கணக்குக் கொப்பிக்குள்ள இருக்கு. மௌத்தாகினதுக்குப் பொறகுதான் கண்டேன்."

"ஏன் சேர் செலவழிக்கல்ல?"

"என்னத்துக்குத் தந்ததெண்டு அவருக்குக் கடைசி மட்டும் தெரியல்ல" என்றேன்.