பாதம் யார் தலைமேல்?

செப்டம்பர் வந்தால் இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் தலைவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 15ஆம் தேதி விசுவேசுவரய்யா பிறந்த நாள், பொறியாளர் தினம். ஊர் ஊராக மாலை, மேடை, விருது. 1920இல் சென்னையில் பதிவாகி, 1935இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு அல்லவா!

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்றுக் குளத்தூரில் இருக்கும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. செயலின் பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. அப்படியானால் கல்லில் பெயர் பொறிப்பது எதற்கு?

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்னும் பழைய மதகுகளைப் பார்க்கலாம். மேல் துளையில் தண்ணீர் இறங்கும். அடித் துளை வழியே சேறும் வெளியேறும். தூர் சேராமலிருக்க எவ்வளவு எளிய ஏற்பாடு! தூம்பு செய்து கொடுத்தவர் பெயர் சில தூம்புகளின் கல்தூண்களில் இருக்கிறது. அது தற்பெருமை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். (எங்கள் துறையின் திறப்புவிழாப் பலகைகளைப் பார்த்துப் பழகிய புத்தி.)

ஆனால் பழைய தானக் கல்வெட்டுகளின் முடிவைப் படியுங்கள். இந்தத் தர்மத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் என்று பணிகிறார் கொடுத்தவர். கட்டியவனைவிடக் காப்பவன் உயர்ந்தவன். பற்றறுப்பதற்குப் பெயரை அழிக்க வேண்டியதில்லை, தலையைத் தாழ்த்தினால் போதும்.

தலைவர் அவர்களே, அடுத்த செப்டம்பரில் ஒரு மாலையைக் கண்மாயைக் காத்து மடை திறப்பவருக்குப் போடுங்கள்.