கரையில் பார்க்கும் பழுது



கலிலேயாக் கடலோரமாக நடந்து சென்ற ஆண்டவர் முதற் சீடர் நால்வரை அழைத்த வரலாற்றைப் புனித மத்தேயு தமது நற்செய்தியின் 4-ம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். இராயப்பரும் பிலவேந்திரரும் அவ்வேளை வலை வீசிக்கொண்டிருந்தார்கள். யாகப்பரும் அருளப்பருமோ தந்தை செபதேயுவுடன் படகிலிருந்து வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலை வீசியவர்களை அழைத்த அதே ஆண்டவர், பழுது பார்த்தவர்களையும் அழைத்தார். மீன் பிடிப்பது மாத்திரமல்ல, கருவியைச் சீர்படுத்துவதும் தொழில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செபதேயுவின் படகில் எஞ்சின் இருக்கவில்லை. இன்று குருநகர், பாசையூர், பேசாலை முதலான நமது கரையோரப் பங்குகளிலே எஞ்சின் பூட்டிய வள்ளங்களே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. வள்ளத்தின் பின்னணியத்தில் மாட்டும் அந்த எஞ்சினின் கீழ்க்காலுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு றப்பர்ச் சக்கரம் இருக்கிறது. 'இம்பெல்லர்' என்று அதைச் சொல்வார்கள். பெரும்பாலும் 6 இதழ்கள் கொண்டது. எஞ்சின் ஓடும்போது அது சுழன்று, கடல் தண்ணீரை இழுத்து மேலே அனுப்பி, எஞ்சினின் சூட்டைத் தணிக்கிறது. எஞ்சினின் பக்கத்திலே மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சுகிறதே, அதுதான் இம்பெல்லர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த றப்பர் தண்ணீரிலேயே வாழ்வது. தண்ணீரில்லாமல் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டாலே அது உராய்ந்து கருகிவிடும். ஆழமில்லாத இடத்தில் மணலோடு தண்ணீரை இழுத்தாலும் தேய்ந்துபோகும். சோளகத்துக்கோ வாடைக்கோ வள்ளத்தைக் கரையேற்றி மாதக்கணக்கில் வைத்திருந்தால், வளைந்த இதழ்கள் வளைந்தபடியே இறுகி, நிமிராமற் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தாரை மெலிந்து, எஞ்சின் சூடேறிய பிறகுதான் தெரியவரும். அப்பொழுது வள்ளம் நடுக்கடலில் நிற்கும்.

அங்கே நின்றுபோன எஞ்சின் எத்தனை பேரைத் தவிக்கச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1974-ம், 1976-ம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைகளினால் நமது கடலிலே எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எஞ்சின் நின்ற வள்ளம் எல்லை பார்த்து நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போய்விடும். கரையிலே ஒரு தாய் இரவு முழுவதும் செபமாலையும் கையுமாக இருப்பாள்.

இத்தனைக்கும் இதை மாற்றுவது பெரிய வித்தையல்ல. எஞ்சின் தற்செயலாக இயங்காதபடி பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கியர்க் கம்பியை விடுவித்து, போல்ட்டுகளைத் தளர்த்திக் கீழ்க்காலை நேரே இறக்கவேண்டும். பம்பின் மூடியைத் திறந்தால் இம்பெல்லர் தெரியும். அதைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆப்பைத் தவறவிடக்கூடாது. பழைய இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், அறுந்த துண்டைத் தேடியே எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். பம்பின் உட்சுவரிலும் அடித்தகட்டிலும் ஆழமான கீறல் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். புதிய இம்பெல்லருக்குக் கிறீஸ் தடவி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே தண்டைத் திருப்பியபடி மூடியை அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் மடிந்து அமரும். பழைய காஸ்கெட்டை மீண்டும் போடாதீர்கள். கீழ்க்காலை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் வாயிலே சரியாக அமரட்டும். பின்பு பீப்பாய்த் தண்ணீரில் கீழ்க்காலை இறக்கி ஓடவிட்டு, தாரை நன்றாகப் பீச்சுகிறதா என்று பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

அப்படியானால் ஏன் இது தள்ளிப் போடப்படுகிறது? "இந்தப் பாட்டோடு பார்ப்போம், இன்னும் தண்ணீர் பீச்சுகிறதுதானே" என்கிறோம். கடனும் வட்டியும் கழுத்தை நெரிக்கும் வீட்டின் கஷ்டம் ஆண்டவருக்குத் தெரியாததல்ல. ஆனால் சம்மாட்டிமாரே, உங்கள் வள்ளத்தில் ஏறுகிறவன் பிறர் வீட்டுப் பிள்ளை. எஞ்சினின் உள்ளே என்ன நிலை என்று அவனுக்குத் தெரியாது. உங்களை நம்பியே ஏறுகிறான். உழைக்கும் மனிதன் முதலுக்கும் கருவிக்கும் மேலானவன் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ம் ஆண்டில் உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில் கற்பித்தார். ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரம் உரியதன்று. ஆபத்தை அறிந்தும் அசட்டையாயிருந்து பிறர் உயிரை அதற்குள் தள்ளுகிறவனும் அக்கற்பனைக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.

"வள்ளத்தைச் சுவாமியார் ஆசீர்வதித்திருக்கிறாரே" என்று சிலர் சொல்லலாம். ஆசீர்வாதம் நல்லது. ஆனால் தீர்த்தம் தேய்ந்த றப்பரைப் புதிதாக்குவதற்குத் தரப்பட்டதன்று. மேற்சொன்ன அதே 4-ம் அதிகாரத்திலே, தேவாலய உச்சியிலிருந்து குதிக்கும்படி சாத்தான் தூண்டியபோது, தேவனைச் சோதிக்க ஆண்டவர் மறுத்துவிட்டார். செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் புதுமையை எதிர்பார்ப்பது விசுவாசமல்ல. அதுவும் தேவனைச் சோதிப்பதே.

ஆகையால் குடும்பத் தாய்மாரே, மீன் விற்ற காசிலே எஞ்சினுக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிவையுங்கள். வாலிபரே, தொழிலால் வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். எஞ்சினோடு வந்த கைநூல் சொல்லும் காலத்தில், தாரை நின்றுபோகும்வரை காத்திராமல் இம்பெல்லரை மாற்றுங்கள்.

நமது இருதயத்துக்கும் இதே ஒழுங்குதான். செபமும் அருட்சாதனங்களும் இல்லாமல் வறட்சியாக ஓடும் மனம் கோபத்தாலும் குடியாலும் சூடேறுவதை எத்தனை வீடுகளிற் காண்கிறோம்! வீடு உடைந்தபின் அழுவதிலும், இரவில் ஒரு நிமிடம் ஆத்தும சோதனை செய்து, தேய்ந்ததை அன்றே ஆண்டவரிடம் ஒப்படைப்பது மேல்.

பழுது பார்த்த கைகளை அழைத்த ஆண்டவர், கடலுக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக. அவரோடு உழைக்க நமது கைகளும் ஆயத்தமாயிருப்பதாக. ஆமென்.