பங்கும் பாடும்

ஒரு நிறுவனம் யாருக்குச் சொந்தம்? பங்குப் பத்திரம் வைத்திருப்போனுக்கா, பாடுபட்டு அதனை வளர்த்தோனுக்கா? சட்டத்தைக் கேட்டால் உடனே விடை கிடைத்துவிடும். அறத்தைக் கேட்டாலோ, அமெரிக்கச் செல்வர் கார்ல் ஐகானின் வாழ்வைச் சற்றே பாருங்கள் என்று அது சொல்லக்கூடும்.

நியூயார்க்கில் 1936இல் பிறந்த ஐகான் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் பயின்றது வாணிகமன்று, தத்துவம்! ஒரு கூற்றுக்குப் பொருள் உண்டென்று எதைக்கொண்டு துணிவது என்பதை ஆராய்ந்து கட்டுரை தீட்டியவர், பின்னர் வேறு பொருளைத் தேடிப் புறப்பட்டார். பங்குகளைப் பெருமளவில் வாங்குவது, நிர்வாகத்தை உலுக்குவது, விலை ஏறியதும் விற்பது. இதுவே அவர் தொழிலாயிற்று. பிறர் பணத்தில் பவனி வரும் நிர்வாகிகளைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டாமா என்பது அவர் வாதம். வேண்டும்; நாம் மறுக்கவில்லை. கேட்டபின் நடந்தது என்ன?

டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் என்னும் வானூர்தி நிறுவனத்தை 1985இல் கைப்பற்றினார். மற்றொருவர் கைக்குப் போவதினும் இவரே மேலென நம்பி, விமானிகளும் இயந்திரத் தொழிலாளரும் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளவும் இசைந்தனர். 1986இல் விமானப் பணிப்பெண்கள் இசையவில்லை, வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் இடங்களில் புதியவர்கள் அமர்த்தப்பட்டனர்! 1988இல் நிறுவனத்தைப் பங்குச் சந்தையினின்றும் விலக்கியபோது ஐகான் பெற்றது 46.9 கோடி டாலர். நிறுவனத்தின் தலையில் ஏறியதோ 54 கோடி டாலர் கடன். 1991இல் இலண்டன் வழித்தடங்கள் 44.5 கோடி டாலருக்கு விலைபோயின. 1992இல் திவால். 1993இல் அவர் விலகினார். வானூர்தித் தொழிலே தள்ளாடிய காலம் அது. பழி முழுவதையும் ஒருவர்மீது சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும், அப்போதுதான் பாட்டாளிகள் கைக்கு 45 விழுக்காடு பங்கு வந்தது, மேலும் ஊதியத்தை விட்டுக்கொடுத்ததற்கு விலையாக! 2001இல் அந்நிறுவனமே மறைந்தது.

2022இல் அதே ஐகான், கருவுற்ற பன்றிகளைத் திரும்பவும் இடமற்ற கூண்டுகளில் அடைப்பது கொடுமை என மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தோடு மோதினார். கையிலிருந்தவை 200 பங்குகளே. இலாபமன்று, கருணையே அன்று அவர் வாதம். ஏறத்தாழ 1 விழுக்காடு வாக்குப் பெற்றுத் தோற்றார். அந்த இரக்கத்தை நாம் எள்ளவில்லை. பங்குதாரரின் இலாபத்துக்கு அப்பாலும் ஒரு நீதி உண்டென்று பன்றிக்காக வாதாடியவர், 1986இல் வேலையிழந்து நின்ற அந்தப் பெண்களிடம் அந்த நீதியை ஏன் பேசவில்லை என்றே கேட்கிறோம்.