யாரோடு ஆடுவது?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் 2010-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நான் கண்ட காட்சி இன்றும் என் நெஞ்சில் ஒரு வினாவாக நிற்கிறது. அயல்நாட்டில் பணிபுரிந்த ஒருவர், ஊருக்கு வந்தபோது தம் மகனுக்கென ஒரு விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்திருந்தார். நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' அது. தொலைக்காட்சியோடு அதனை இணைத்துவிட்டு, வெண்ணிறக் கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால், திரையில் பந்து உருண்டோடிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும்.

1889-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 2006-இன் இறுதியில் 'வீ' வெளிவந்தபோது, போட்டியாளர்களின் கருவிகள் அதைவிட ஆற்றல் மிக்கவையாகவும் அழகிய காட்சிகளைக் காட்டுபவையாகவும் இருந்தன. ஆயினும் 10 கோடிக்கும் மேற்பட்ட 'வீ' கருவிகள் விற்றன. காரணம் எளிது. அதுவரை பொத்தான்களை அழுத்தும் விரல்வித்தை தெரிந்த இளையோருக்கே உரியதாயிருந்த விளையாட்டில், கையை அசைக்கத் தெரிந்த எவரும் சேர முடிந்தது. முதியோர் இல்லங்களிலும் அது இடம்பெற்றது. ஆங்கிலத்தில் 'நாம்' எனப் பொருள்படும் சொல்லின் ஒலியை அதற்குப் பெயராக இட்டதும் தற்செயலன்று.

அவ்வீட்டுப் பெரியவர் ஐம்பது ஆண்டுகள் பட்டு நெய்தவர். முதலில் கூச்சப்பட்டார். பின்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓரடி முன்வைத்து, உண்மையான பந்தை உருட்டுபவர்போலக் கையை வீசினார். வீடே கைதட்டியது. பேரனும் அவருக்கு இணையாக நின்று ஆடினான்.

மூன்றாம் நாள் பேரன் ஓர் உண்மையைக் கண்டுகொண்டான். கைப்பிடிக்குள் இருக்கும் உணர்கருவி, அது அசையும் வேகத்தின் மாற்றத்தை மட்டுமே அளக்கிறது. ஆடுபவர் நிற்கிறாரா, கிடக்கிறாரா என்பதை அது அறியாது. பாயில் படுத்தபடியே மணிக்கட்டைச் சுண்டினான். கட்டைகள் அனைத்தும் சாய்ந்தன. "தாத்தா, நீங்க இவ்வளவு கஷ்டப்படவே வேணாம்" என்றான்.

பெரியவர் சற்று நின்றார். "நீ படுத்துக்கிட்டா நான் யாரோடடா ஆடுறது?" என்று கேட்டார்.

சிறுவன் விதியை மீறவில்லை, எவரையும் ஏமாற்றவுமில்லை. அப்படியானால் அங்கே இழக்கப்பட்டது எது?

உழைப்பைச் சிக்கனப்படுத்துவது குற்றமன்று. கைதேர்ந்த நெசவாளி வீணாக ஓர் அசைவும் செய்யமாட்டார். நாடா குறுக்கே ஓடுவதும் ஊடை இழை பாவில் படிவதும் சேலைக்காகவே; சேலை குறையின்றி அமையுமாயின் கை எவ்வளவு குறைவாக அசைந்தால் என்ன? ஆனால் விளையாட்டில் நெய்து எடுக்க வேண்டிய சேலை ஏதுமில்லை. அங்கே கை வீசுவதும், தவறுவதும், சேர்ந்து சிரிப்பதுமே விளைவு. அவற்றைச் சிக்கனப்படுத்தியவன் ஆட்டத்தை வென்றுகொண்டே ஆட்டத்தைவிட்டு வெளியேறிவிடுகிறான்.

நாமும் இத்தகைய மணிக்கட்டுச் சுண்டல்களைப் பயின்றிருக்கிறோம். நோயுற்றவரைப் பார்க்கச் செல்கிறோம். பழப்பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு, உட்காராமலே திரும்புகிறோம். கணக்கில் அது 'போய்ப் பார்த்தது' ஆகிவிடுகிறது. அளக்கப்படுவதை மட்டும் செலுத்திவிட்டு நம்மை மிச்சம்பிடித்துக்கொள்கிறோம். அன்பில் சிக்கனம் என்பது அங்கு இல்லாமலிருப்பதற்கு மற்றொரு பெயரேயன்றோ?

'புள்' என்றால் பறவை. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்றிய இடம் திருப்புட்குழி என்பது அவ்வூர்த் தலபுராணம். பறவை ஒன்றுக்கு ஒரு பிடி மண் போதும் என்று எவரும் சொல்லியிருக்கலாம். ஒரு மகன் தந்தைக்குச் செய்வதையெல்லாம் அவன் குறைவின்றிச் செய்தான் என்கிறது அக்கதை. இறந்த பறவை அதனை அளந்து பார்க்கப்போவதில்லை.

'வீ' கருவியின் உற்பத்தி 2013-இல் ஜப்பானில் நிறுத்தப்பட்டது. பின்னர் வேறு கருவிகள் வந்தன. அந்தப் பெரியவரும் இப்போது இல்லை. ஆயினும் அன்று அவர் கேட்ட கேள்விக்குப் பேரன் அளித்த விடை எனக்கு மறக்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. பாயைச் சுருட்டி வைத்தான். தாத்தாவின் பக்கத்தில் வந்து நின்றான். கையை முழுதாக ஓங்கி வீசினான். பந்து ஓரமாக ஓடி வீணாயிற்று. அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். வீடு மீண்டும் கைதட்டியது.