படத்துக்கும் தோட்டாவுக்கும் இடையே

மான் நடமாட்டத்தை அறிவதற்காக வேட்டை நிலத்தில் மரத்தோடு கட்டி வைக்கப்படும் தானியங்கி கேமராவை அமெரிக்க வேட்டைக்காரர்கள் டிரெயில் கேமரா என்கிறார்கள். கையில் அடங்கும் ஒரு பெட்டி. உள்ளே லென்ஸ், உடல் வெப்பத்தின் அசைவை உணரும் கருவி, இரவுக்கு அகச்சிவப்பு விளக்கு, மெமரி கார்டு, பேட்டரிகள். சில வகைகளில் சிம் கார்டும் உண்டு; அவை எடுத்த படத்தை அப்போதே வேட்டைக்காரரின் செல்பேசிக்கு அனுப்பிவிடும். குறைந்த விலையில் நம்பகமான கேமரா எது என்பது கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஓர் உயிரைக் கொல்லப் போகிறவர் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்கலாம், எப்போது தெரிந்துகொள்ளலாம் என்ற பழைய கேள்வியும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்குமே சரியான விடை கிடைக்காது.

இந்தக் கேமராவின் முன்னோடி துப்பாக்கியை வைத்துவிட்டு வந்த ஒருவர். மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர்; பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். மிச்சிகனில் மார்க்கெட் நகருக்கு அருகிலுள்ள வொயிட்ஃபிஷ் ஏரிப் பகுதியில் சிறு வயது முதல் மான் வேட்டையாடியவர். படகின் முனையில் தீ மூட்டி, அந்த வெளிச்சத்தில் மயங்கி நிற்கும் மானை நெருங்குவது அப்பகுதி ஓஜிப்வே பழங்குடியினரின் வேட்டை முறை. ஷைராஸ் அதே முறையில் இரவில் நெருங்கிப் போய், சுடுவதற்குப் பதிலாகப் படம் எடுத்தார். பிறகு தடத்தின் குறுக்கே நூல் கட்டினார்; மானின் கால் பட்டதும் பளிச்சென்று ஒளி வெடித்துப் படம் பதிவானது. நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அவர் கேமராவைத் துப்பாக்கிக்கு மாற்றாகக் கண்டார். இன்று அதே கருவி துப்பாக்கிக்கு வழிகாட்டியாகியிருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிட்டதால், இங்கே இந்தக் கருவி ஷைராஸ் காட்டிய வழியிலேயே நின்றுவிட்டது: 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைக்கப்பட்டது.

கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் எதை நம்பலாம் என்பது விளங்கும். வெப்ப உணரி மானைப் ‘பார்ப்பதில்லை’. சுற்றுப்புற வெப்பத்துக்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகரும்போது அது விழித்துக்கொள்கிறது. அதனால் கோடைப் பிற்பகலில், காற்றின் வெப்பம் மானின் உடல் வெப்பத்தை நெருங்கும்போது, அதன் கூர்மை மழுங்கும். வெயிலில் சூடேறிய இலைகள் அசைந்தால் மானில்லாத படங்களாக எடுத்துத் தள்ளும். கேமராவை வடக்குப் பார்த்துக் கட்டுவது இதற்காகத்தான். அப்படிக் கட்டினால், அமெரிக்காவில் காலையிலோ மாலையிலோ சூரிய ஒளி நேராக லென்ஸில் விழாது. தடத்துக்குச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வைத்தால், கடந்துபோகும் மான் சட்டத்துக்குள் சற்று அதிக நேரம் இருக்கும். இந்த இரண்டையும் செய்தாலே மலிவான கேமராவின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

விளம்பரங்கள் மெகாபிக்சலை முன்னிறுத்துகின்றன. அது பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கிய எண், தேர்வுக்கு உதவாது. உணரி விழித்ததிலிருந்து படம் பதிவாகும் வரை ஆகும் நேரம்தான் முக்கியம். மான் நடக்கும் ஒற்றையடித் தடத்தில் அது அரை நொடிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் மட்டுமே மிஞ்சும். மேய்ச்சல் வெளியில் மான் நின்று மேய்வதால் தாமதமான கேமராவும் போதும். பேட்டரியும் அதே அளவுக்கு முக்கியம். சாதாரண ஆல்கலைன் பேட்டரி விஸ்கான்சின் மாநிலத்தின் நவம்பர்க் குளிரில் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி விலை கூடினாலும் குளிரில் நிலைத்து நிற்கும். பொதுவாக நூறு டாலருக்குள் கிடைக்கும் கார்டு கேமராக்களில் தேவைக்குப் போதுமானவை பல உண்டு. ஆராய்ச்சியாளர்கள் விரும்பும் ரெகோனிக்ஸ் போன்றவை அதைவிடப் பல மடங்கு விலை. சிம் கேமராவின் விலையைப் பார்க்கும்போது மாதச் சந்தாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பருவங்களில் சந்தா கேமராவின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து எடுத்த கார்டு காலியாக இருந்தால், மான் வரவில்லை என்றும் கொள்ளலாம், மூன்றாம் நாளே பேட்டரி தீர்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் கார்டு ஒன்றுபோலவே இருக்கும். காணாமையை இல்லாமையாக எடுத்துக்கொள்வது அறிவின் மிகப் பழைய தவறுகளில் ஒன்று. இதற்கு ஓர் எளிய வழி உண்டு: குறித்த நேரத்தில் தானாக ஒரு படம் எடுக்கும் வசதியுள்ள கேமராவை வாங்கி, நாள்தோறும் நண்பகலில் ஒரு படம் எடுக்கும்படி வைப்பது. அந்த வெற்றுப் படங்கள் வரிசையாக இருந்தால்தான் மானில்லாத கார்டு சாட்சி சொல்லும். விலை மலிவான கேமராவில் இந்த ஒரு வசதி இருந்தால், மற்ற பல வசதிகள் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அறக் கேள்வியை அமெரிக்காவில் ‘ஃபேர் சேஸ்’ என்ற பெயரில் பேசுகிறார்கள். தமிழில் நேர்மையான வேட்டை எனலாம். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் மன்றம் இந்தக் கருத்தை வளர்த்தது. சுதந்திரமாகத் திரியும் காட்டு விலங்கின் மேல், வேட்டைக்காரர் முறையற்ற சாதகம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். எது முறையற்றது என்பதில்தான் சிக்கல். ஸ்பானிய மெய்யியலாளர் ஓர்தேகா இ காசெட் 1942இல் வேட்டை பற்றி எழுதிய நீண்ட முன்னுரையில் இதன் வேரைத் தொட்டார். மனித அறிவு விலங்கைவிட எவ்வளவோ முன்னே போய்விட்டது. அதை முழுவதும் பயன்படுத்தினால் வேட்டை வெறும் அழிப்பாகிவிடும். ஆகவே வேட்டைக்காரர் தன் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே விட்டுக்கொடுப்பதில்தான் வேட்டை உயிர்பிழைக்கிறது என்பது அவர் வாதம். இந்த வாதம் வலுவானது. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற அளவை அது தருவதில்லை. வில்லோடு நிற்கலாமா, தொலைநோக்கி வைத்த துப்பாக்கி ஆகுமா, மரத்தில் பரண் கட்டலாமா என்று ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கோட்டைப் புதிதாக இழுக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகர்கள் அறிந்த ஒரு கதை இங்கே உதவும். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பாண்டு ஒரு கலைமானையும் பிணையையும் அம்பெய்து வீழ்த்துகிறான். கலைமான் உருவில் இருந்தவர் கிந்தம முனிவர். வெளிப்படையாகவோ மறைந்திருந்தோ மானைக் கொல்வது அரசர்க்கு ஆகும் என்று பாண்டு வாதிடுகிறான். முனிவரோ, மானைக் கொன்றதற்காக உன்னைக் குறைகூறவில்லை என்கிறார். இணை சேர்ந்திருந்த நேரத்தில், அது முடியும்வரை பொறுக்காமல் எய்தாயே என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. அவர் கருவியைப் பற்றிப் பேசவில்லை, மறைவைப் பற்றியும் பேசவில்லை. காலத்தைப் பற்றியே பேசினார். அமெரிக்க வேட்டைக்காரர்கள் தேடும் வெள்ளைவால் மானுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: நவம்பர் அதன் இணைசேரும் பருவம். பகல் குறையக் குறையக் கலைமான்கள் எச்சரிக்கை மறந்து, பட்டப்பகலில் பிணைகளைத் துரத்தித் திரியும். வில் வேட்டைக்காலம் இந்தப் பருவத்தை முழுவதுமாகத் தழுவி நிற்கிறது. விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை அதன் வாலில் தொடங்குகிறது. மரத்துக் கேமராவில் அதிகப் படங்கள் விழுவதும் அப்போதுதான்.

கிந்தமரின் அளவுகோலைக் கேமராவுக்கு வைத்துப் பார்த்தால் குழப்பம் பெரிதும் தெளிகிறது. படம் எடுத்த நொடிக்கும் தோட்டா பாயும் நொடிக்கும் இடையே எவ்வளவு காலம் இருக்கிறது? கார்டு கேமராவில் வேட்டைக்காரர் பத்து நாள் கழித்துத்தான் படத்தைப் பார்க்கிறார். அந்தத் தடத்தில் ஒரு பெரிய கலைமான் நடந்திருக்கிறது என்பது தெரியும். இப்போது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. குளம்புத் தடத்தையும் புழுக்கையையும் கொம்பு உரசிய பட்டையையும் படித்த பழைய வேட்டைக்காரருக்கும் இவ்வளவுதான் தெரிந்தது. சிம் கேமரா அந்தக் கால இடைவெளியை நொடிகளாகச் சுருக்கிவிடுகிறது. நீர்நிலையில் மான் குடித்துக்கொண்டிருக்கும்போதே செல்பேசி ஒலிக்கிறது. பூன் அண்ட் கிராக்கெட் மன்றத்தின் விதியும் இங்கேதான் கோடு போடுகிறது: உடனடியாக வந்த தகவலைக் கொண்டு, உடனே போய்ச் சுட்ட விலங்கை அது தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

சிம் கேமராவுக்கு ஆதரவான வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கார்டை எடுக்க அடிக்கடி காட்டுக்குள் போவது மான்களைக் கலைக்கும். மனித வாடை தடத்தில் தங்கும். அரிசோனாவில் இதுவே பெரிய சிக்கலானது. வறண்ட அந்த மாநிலத்தில் நீர்நிலைகள் சிலவே. ஒவ்வொன்றைச் சுற்றியும் பல கேமராக்கள். அவற்றைப் பார்க்க ஓயாமல் வரும் ஆட்கள். விலங்குகள் தண்ணீருக்கே தயங்கும் நிலை குறித்துக் கவலை எழுந்தது. வேட்டைக்கு உதவும் நோக்கில் கேமரா வைப்பதையே அம்மாநில ஆணையம் 2021 ஜூனில் தடை செய்தது. 2022 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. நெவாடா பொது நிலங்களில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தடுக்கிறது. யூட்டாவும் ஏறக்குறைய அதே மாதங்களைத் தடுத்தது. கான்சாஸ் 2023இல் தன் துறை நிலங்களில் கேமராவை விலக்கியது. பாலைக்குச் சரியான விதி நீர்வளமுள்ள காட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். நீர்நிலை ஒன்றே உள்ள இடத்தில் கேமரா ஒரு முற்றுகை. ஓடைகள் நிறைந்த மிச்சிகனில் அது பல தடங்களில் ஒன்றை எட்டிப் பார்ப்பது மட்டுமே.

கேமரா யாருக்கும் தெரியாமல் பார்க்கிறது என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. மானின் கண்ணில் நிறம் காணும் கூம்புகள் இரண்டே வகை. நீலத்தையும் பச்சையையும் நன்றாகக் காணும், சிவப்பு மங்கல். 850 நானோமீட்டர் விளக்கு லேசாகச் சிவந்து மின்னும். 940 நானோமீட்டர் விளக்கு மின்னாது, ஆனால் அதன் ஒளி எட்டும் தூரம் குறைவு. ஆயினும் விலங்குகள் கேமராவின் ஒலியையும் ஒளியையும் உணரக்கூடும் என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பார்க்கப்படுவதை மான் சில வேளை அறிகிறது. இது வேட்டைக்காரருக்குக் குறை. நேர்மையைப் பற்றி யோசிப்பவருக்கு ஓர் ஆறுதல்.

வேட்டைக்காரரை யார் பார்க்கிறார்கள் என்பது கடைசிக் கேள்வி. விஸ்கான்சினில் வாழ்ந்த சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட், 1949இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலில், வேட்டைக்குப் பார்வையாளர் கூட்டமே கிடையாது, அங்கே தீர்ப்பளிப்பது அவரவர் மனச்சாட்சிதான் என்ற கருத்தை வைத்தார். இஸ்லாத்தில் இதற்கு மிக நெருக்கமான சிந்தனை உண்டு. குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம், புனிதப் பயணத்துக்கான இஹ்ராம் நிலையில் இருப்பவர்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு இறைவன் சோதிப்பான் என்கிறது. மறைவில் அவனை அஞ்சுகிறவர் யார் என்பது வெளிப்படுவதற்காக. எட்டாத மானை விட்டுவிடுவதில் சோதனை ஏதும் இல்லை. செல்பேசியில் வந்து விழும் மான் எட்டும் மான். சிம் கேமராவையே வாங்குகிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது: படங்களை உடனுக்குடன் அனுப்பாமல் நாளுக்கு ஒருமுறை இரவில் மொத்தமாக அனுப்பும்படி பலவற்றில் அமைக்க முடியும்.

கேமராவால் கூடும் அறிவு கொலையைக் குறைப்பதற்கும் உதவுகிறது. கொம்பின் வடிவத்தைக் கொண்டு ஒவ்வொரு கலைமானையும் தனித்து அறிந்து, அதிலிருந்து பிணைகளையும் குட்டிகளையும் மதிப்பிடும் முறையை ஹாரி ஜேக்கப்சனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்டார்கள். சுமார் நூறு ஏக்கருக்கு ஒரு கேமரா, ஏறத்தாழ இரண்டு வாரம் என்பது பலர் பின்பற்றும் கணக்கு. தன் நிலத்தில் முதிர்ந்த கலைமான் இரண்டே இருக்கின்றன என்று அறிந்தவர் ஒன்றரை வயதுக் கலைமானை விட்டுவிட முடியும். இரை வைத்துப் படமெடுப்பது இந்தக் கணக்கைச் சுலபமாக்கும். ஆனால் மான்களைக் கொல்லும் மெலிவு நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்ட பிறகு, மான்களை ஓரிடத்தில் கூட்டும் இரை வைப்புக்குப் பல மாவட்டங்களில் தடை வந்தது. ஆகவே இரை இல்லாத தடங்களில் வைப்பதே ஏற்றது. வேட்டைக்காலம் முடிந்ததும் அதே கேமராக்களைத் திரும்பக் கட்டினால் எவை பிழைத்தன என்பது தெரியும். கொம்புகள் டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு கலையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால், அந்தக் கணக்கை அதற்குள் முடித்துவிட வேண்டும்.