வராத நாட்களின் கணக்கு

2019 ஜூலை 1. இங்கிலாந்தின் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட் மைதானம். உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை எடுத்த 338 ஓட்டங்களை மேற்கிந்தியத் தீவுகள் துரத்திக்கொண்டிருந்தது. நிக்கலஸ் பூரன் 118 ஓட்டங்களோடு களத்தில் இருந்தார். அவர் நிலைத்தால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் பந்தைக் கையில் வாங்கியவர் அஞ்சலோ மெத்யூஸ். ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக ஒருநாள் போட்டிகளில் ஒரு பந்துகூட வீசாதவர். தசை உபாதைகள் திரும்பத் திரும்ப வந்ததால் பந்துவீச்சையே ஒதுக்கி வைத்திருந்தார். முதல் பந்திலேயே பூரன் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்து வெளியேறினார். இலங்கை 23 ஓட்டங்களால் வென்றது.

அந்த ஒரு பந்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இருந்த திறமையின் கணக்கிலா, இல்லாமற்போன ஒன்றரை ஆண்டின் கணக்கிலா?

மெத்யூஸைப் பற்றிப் பேச்சு வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். உடம்பு மட்டும் ஒத்துழைத்திருந்தால் உலகின் தலைசிறந்த சகலதுறை ஆட்டக்காரராகியிருப்பார் என்பது ஒரு கட்சி. எப்போது பார்த்தாலும் உபாதை, அவரை நம்பி அணியை அமைக்க முடியாது என்பது மற்றது. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. காயமே படாத ஒரு முழு மெத்யூஸ் எங்கோ இருக்கிறார், நாம் கண்டது அவருடைய குறைப்பிரதி என்ற நம்பிக்கை. விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் மெய்யியல் கேள்வி இதுதான். உடம்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற அந்த ஆள் யார்?

முதலில் அவர் செய்ததைப் பார்ப்போம். தந்தை வழியில் தமிழரான மெத்யூஸ் கொழும்பில் பிறந்து, புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, 2008இல் ஒருநாள் அணிக்கு வந்தவர். 2009 இருபது ஓவர் உலகக் கிண்ண அரையிறுதியில், இலண்டன் ஓவல் மைதானத்தில், முதல் ஓவரிலேயே மூன்று பேரை ‘போல்ட்’ ஆக்கினார். 2010 நவம்பரில் மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவின் 239 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை, 107 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து நின்றது. லசித் மாலிங்கவோடு சேர்ந்து ஒன்பதாவது விக்கெட்டுக்கு 132 ஓட்டங்கள். மெத்யூஸ் ஆட்டமிழக்காமல் 77. வெற்றி ஒரு விக்கெட்டால். அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் ஒவ்வொரு ஓவராகச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 2011 உலகக் கிண்ண அரையிறுதியில் தொடைத்தசை கிழிந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி மும்பை வான்கடேயில் இறுதிப் போட்டி நடந்தபோது அவர் அணியில் இல்லை. இலங்கை தோற்றது. அவர் ஆடியிருந்தால் வென்றிருக்குமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. ஓயவும் போவதில்லை, ஏனென்றால் அதற்கு விடையே கிடையாது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வழக்கு நடக்கிறது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஒரு ‘ரன்னிங் பேக்’. பந்தைச் சுமந்து ஓடவும் வல்லவர், வீசும் பந்தைப் பிடிக்கவும் வல்லவர். 2019 பருவத்தில் ஓட்டத்தில் ஆயிரம் யார், பிடிப்பில் ஆயிரம் யார் என இரண்டையும் ஒருசேரக் கடந்தார். அதற்குமுன் அதைச் செய்தவர்கள் இருவரே. அடுத்த பருவம் மூன்று ஆட்டங்கள், அதற்கடுத்தது ஏழு ஆட்டங்கள். 2022 அக்டோபரில் கரோலினா அணி அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நான்கு வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. 2023 பருவத்தில் அவர் அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2024இல் மறுபடி உபாதை, நான்கே ஆட்டங்கள். விலை போட்டவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. விலை என்பது நாளைக்கு வருவாரா என்ற ஐயத்தையும் சேர்த்துப் போடுவதுதான்.

அரிஸ்டாட்டில் ஒலிம்பிக் போட்டியை வைத்தே ஒன்று சொன்னார். கிரீடம் அங்கே கூடியிருப்போரில் மிக வலியவருக்கோ மிக அழகானவருக்கோ அல்ல, களத்தில் இறங்கிப் போட்டியிட்டவருக்கே. ஆற்றல் இருப்பது வேறு, ஆற்றல் செயலாவது வேறு என்பது அவர் கட்சி. இந்த அளவுகோல் ‘ஆடியிருந்தால்’ என்று பேசுவோரை வாயடைக்க வைக்கிறது. ஆனால் அது மற்றக் கட்சிக்கும் பிடி கொடுப்பதில்லை. செயலுக்கே கிரீடம் என்றால், நடக்காத செயலை எடுத்து நடந்த செயலிலிருந்து கழிக்கவும் முடியாதல்லவா?

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகப் போகிறது. உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் இறைவன் கொடுப்பது மலம் நீங்கி அது பக்குவப்படுவதற்காக. தனு என்ற இந்த உடம்பு உயிர் அல்ல, உயிருக்குக் கிடைத்த கருவி. ஆனாலும் உயிர் எதை அறிந்தாலும், எதைச் செய்தாலும் இந்தக் கருவியின் வழியாகத்தான். வேறொரு உடம்போடு வேறொரு வாழ்வு வாழ்ந்திருக்கக்கூடிய உயிரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கிடைத்த உடம்பில் அது என்ன செய்தது என்பதே பேச்சு. திருமூலரும் முதலில் உடம்பை இழுக்கென்று கருதி, பின்னர் அதற்குள்ளேயே மெய்ப்பொருளைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். பேணுவது என்றால் வரம்பை அறிந்து நடப்பதும்தான். துடுப்பாட்டத்தைக் காப்பாற்றப் பந்துவீச்சை விட்ட மெத்யூஸின் முடிவை அந்த வெளிச்சத்தில் பார்த்தால், அதைக் குறை என்று சொல்ல மனம் வராது.

சித்தாந்தத்தின் பெயரால் ஒரு கொடுமையும் நடக்கிறது. காயப்பட்டவரைப் பார்த்து “அது அவர் வினை” என்று சொல்லிவிட்டுப் போவது. திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே இருக்கும் கிளிவெட்டியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல யாருக்கு நா எழும்? 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முகாமில் கிடந்த ஊர் அது. 2015இல்தான் அவர்களுக்குத் திரும்பிப் போக வழி பிறந்தது. போர் பல உடம்புகளில் தன் தடத்தை விட்டுப்போன மாவட்டம். அறுவடைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்பது வயற்காரரின் கணக்கு. அதில் பிழை இல்லை. அந்தக் கணக்கைக் கொண்டு ஒரு மனிதரை அளப்பதுதான் பிழை. நொண்டி நடக்கும் ஒருவரிடம், கால் நன்றாயிருந்தால் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று கேட்பது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் எதிரே நிற்பவரை விட்டுவிட்டு இல்லாத ஒருவரோடு பேசுவது அது.

ஆகவே தேர்வாளர் மெத்யூஸின் உபாதைகளை எண்ணட்டும். அது அவர் கடமை. ஆனால் 2018இல் ஆசியக் கிண்ணத் தோல்விக்குப் பின் உடற்தகுதியைச் சொல்லி ஒருநாள் அணியிலிருந்து நீக்கியபோது, அவர் ஆட்டத்தை மட்டுமல்லாமல் அவரையே அளந்துவிட்டது போன்ற தொனி ஊரெங்கும் கேட்டது. அந்த டிசம்பரில் வெலிங்டன் டெஸ்டின் நான்காம் நாள் முழுவதும் அவரும் குசல் மெண்டிஸும் ஒரு விக்கெட்கூட விழாமல் ஆடினார்கள். சதம் அடித்ததும் மெத்யூஸ் ஆடுகளத்திலேயே குப்புறப் படுத்துத் தண்டால் எடுத்தார். ஆட்டமிழக்காமல் 120. இணைப்பாட்டம் 274. அடுத்த நாள் மழை வந்து டெஸ்ட் சமநிலையில் முடிந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 2014 ஜூனில் ஹெடிங்லியில், தலைவராக இருந்து முதல் இன்னிங்ஸில் நான்கு விக்கெட், இரண்டாவதில் 160 ஓட்டங்கள். ரங்கன ஹேரத்தோடு எட்டாவது விக்கெட்டுக்கு 149. கடைசி ஓவரின் கடைசிக்கு முந்திய பந்தில் ஜேம்ஸ் அண்டர்சன் விழ, இங்கிலாந்தில் தொடர் வெற்றி இலங்கைக்கு. பந்தும் மட்டையும் தலைமையும் ஒரே உடம்பில் ஒரே வாரத்தில் கூடிவந்தது அப்போதுதான். 2025 ஜூனில் காலியில் கடைசி டெஸ்ட் ஆடி விடைபெற்றபோது அவர் பெயரில் 119 டெஸ்ட், 8,214 ஓட்டங்கள், 16 சதங்கள், 33 விக்கெட்டுகள் இருந்தன. அந்த 33ஐப் பார்த்து, இன்னும் இருநூறு எடுத்திருக்க வேண்டியவர் என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. ஹெடிங்லியின் நான்கும் அந்த 33க்குள்தான் இருக்கிறது.